விதிப்படி வெளியே போனவர்

மார்ச் 4

அன்புள்ள மெக்கானிக் ஐயாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீங்களும் நம் மகளும் எப்படி இருக்கிறீர்கள்? கிரேக்க மொழித் தேர்வில் தேறிவிட்டேன்! முதுகலை இறையியல் வகுப்பிலேயே நான்தான் மூத்தவள். நாற்பத்தாறு வயதில் என்ன திமிர் பாருங்கள். பிள்ளைகள் "ஆன்ட்டி, நோட்ஸ் குடுங்க" என்று மொய்க்கிறார்கள். நர்ஸாக இருபது வருஷம் ஊசி போட்ட கைக்கு இப்போது கட்டுரை எழுதியே வலிக்கிறது.

இரண்டாம் வருஷம் தொடர, நம் சபைக் கமிட்டியின் பரிந்துரைக் கடிதம் ஏப்ரல் முடிவதற்குள் வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கமிட்டியில் நீங்களே இருக்கும்போது எனக்கென்ன பயம்?

உங்கள் வாயாடி

மார்ச் 22

அன்புள்ள வாயாடிக்கு,

கமிட்டி கூடியது. ஐந்து பேர் கடிதம் வேண்டாம் என்றார்கள், நான்கு பேர் கொடுக்கலாம் என்றார்கள். சொந்தக்காரர் ஓட்டுப் போடக்கூடாது, வெளியே போக வேண்டும் என்பது விதி. போய்விட்டேன். என்ன செய்வது, சொல்லு. நீ வந்துவிடேன். மகளும் ஏங்குகிறாள்.

உன் மெக்கானிக்

மார்ச் 29

என்னங்க,

வெளியே போவதற்கு முன் குடும்பத்தார் பேசலாம் என்பதும் அதே விதிதானே? நம் சபை ஆயரின் மனைவி எழுதியிருந்தார். "வீட்டுக்காரர் என்ன சொல்றீங்க?" என்று ஆயர் கேட்டாராம். நீங்கள் "கமிட்டி பாத்துச் செய்யட்டும்" என்று எழுந்து போனீர்களாம். கமிட்டிப் பொருளாளர் எதிர்த்தது எனக்கு வலிக்கவில்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டதுதான் வலிக்கிறது. நான் படிப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே.

ஏப்ரல் 19

அன்புள்ளவளுக்கு,

நீ திட்டியது சரி. பயந்துவிட்டேன். பத்தாவது தாண்டாதவன் நான். நீ படித்து முடித்தால் என்னோடு பேசவே உனக்கு ஒன்றும் இருக்காதோ என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

இன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டியைத் திரும்பக் கூட்டச் சொன்னேன். "போன தடவை நான் பேசாமப் போனது தப்புங்க. எங்கம்மா சாகக் கிடந்தப்ப மூணு நாள் கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணினது அவதான். இது அவளோட வேலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க கடிதம் குடுக்காட்டியும் நான் அவளைத் திரும்பக் கூப்பிட மாட்டேன்" என்றேன். பிறகு விதிப்படி வெளியே போய் நின்றேன்.

ஆறு பேர் கொடுக்கலாம் என்றார்கள். கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பொருளாளர் இன்னும் முறைக்கிறார். முறைக்கட்டும், அவர் வண்டி என் பட்டறையில்தான் பிரிந்து கிடக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு வரும்போது, அங்கே என்ன படித்தாய் என்று எனக்கும் சொல்லு. புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்லு.

உன் மெக்கானிக்