பாலம் விழுந்த காரணம்

சாரி-கெச்சு
2007 மார்ச் 26

சல்கினுக்கு,

மூன்று வருடமாக எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால் காரியமாகத்தான் எழுதுகிறேன் என்று நீ நினைப்பாய். சரியாகத்தான் நினைக்கிறாய்.

மினிபஸ் ஓட்டும் குபத்தின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் தலைநகருக்கு வந்துசேருமுன் மாவட்ட ஊரிலேயே ஒரு வாரம் தூங்கும். கூடவே ஒரு கோப்பும் வருகிறது. கிராமச் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் அரசு புதிதாக மானியமும் கடனும் கொடுக்கிறதாமே, நீ வேலை பார்க்கும் நிதியம்தானே அது? அதற்கான எங்கள் விண்ணப்பம். முன்வாசலில் முறைப்படி பதிந்து ரசீது வாங்கிவரும்படி குபத்திடம் சொல்லியிருக்கிறேன். உன் கையில் திணிக்கச் சொல்லவில்லை.

பாலம் போன பிறகு இது மூன்றாவது வசந்தம். பனி உருகத் தொடங்கியதும் ஆற்றில் இறங்க முடிவதில்லை. கணவாய் வழியாகச் சுற்றினால் அறுபத்திரண்டு கிலோமீட்டர். போன வருடம் உருளைக்கிழங்கில் பாதி குழியிலேயே அழுகிப்போனது. வாங்க வந்தவன் கணவாயைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டான். பிப்ரவரியில் கெரிமின் மனைவிக்கு வலி எடுத்தது. டிராக்டர் வண்டியில் படுக்கவைத்துப் பனிக்கட்டி மேல் ஓட்டினோம். நடு ஆற்றில் கட்டி விரிசல் விட்டு வண்டி நின்றது. குழந்தை அங்கேயே பிறந்தது. ஆண் குழந்தை, நன்றாக இருக்கிறது. ‘பாலம்’ என்றே பெயர் வைக்கலாமே என்று யாரோ சொல்ல, கெரிம் கத்தினான்: “இல்லாத ஒண்ணோட பேர எம்புள்ளைக்கு எதுக்குடா வைக்கணும்?”

நானும் கணக்கு வாத்தியாரும் உட்கார்ந்து பதினோரு நாளில் விண்ணப்பத்தை நிரப்பினோம். உதவி எதுவும் கேட்கவில்லை. கோப்பு அடியில் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜுமாதில்
கிராம நிர்வாகத் தலைவர், சாரி-கெச்சு


பிஷ்கெக்
ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய ஜுமாதில் அவர்களுக்கு,

கோப்பு வந்து சேர்ந்தது. வரிசைப்படி என் மேசைக்கேதான் வந்தது, உங்கள் நாரின் பகுதி விண்ணப்பங்களைப் பார்ப்பது நான்தான். இங்கே என் அப்பாவின் குடும்பப் பெயரில் வேலை செய்கிறேன். நீங்கள் எனக்கு யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

நிலச் சான்றிதழ் இல்லை. வரைபடத்தின் மூன்றாம் தாளில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது. இவற்றைச் சரிசெய்வது சுலபம்.

பதினான்காம் கேள்விதான் சுலபமில்லை. ‘பழைய பாலம் விழுந்ததற்கான காரணம் என்ன? முன்னெச்சரிக்கை ஏதும் தரப்பட்டிருந்ததா?’ அதற்கு நீங்கள் ‘இயற்கைச் சீற்றம். இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

விதி இதுதான். இயற்கைச் சீற்றம் என்றால் மானியம் கிடைக்கும், திருப்பிக் கட்டவேண்டியதில்லை. எச்சரிக்கை வந்தும் நிர்வாகம் கவனிக்காமல் விட்டது என்றால் கடன் மட்டுமே. பத்து வருடம் ஊர் வருமானத்திலிருந்து கட்டவேண்டும்.

2004 மார்ச்சில் மாவட்டச் சாலைப் பிரிவின் பொறியாளராக நான் ஒரு கடிதம் எழுதி உங்கள் மேசையில் வைத்தேன். நடுத்தூணின் அடிமண் அரித்துப்போய்விட்டது, பனி உருகுமுன் வண்டிகளை நிறுத்துங்கள் என்று. விதைக் கிழங்கு வந்து முடியட்டும் என்று சொல்லி நீங்கள் அதை இழுப்பறையில் போட்டீர்கள். மே பதினொன்றாம் தேதி தூண் சாய்ந்தது. எர்மெக் லாரியோடு ஆற்றில் போனான்.

மாவட்டப் பிரிவைக் கலைத்தபோது நகல்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. அசல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. என்ன எழுதவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்காக நான் எழுத மாட்டேன்.

நம் பெண் ஆய்பெரி மாஸ்கோவிலிருந்து பேசினாள். அப்பாவுக்கும் எழுது என்றேன்.

சல்கின்


சாரி-கெச்சு
மே 3

சல்கினுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை வெறும் களைப்புதான் மிஞ்சியது.

ஊர் மன்றத்தைக் கூட்டினேன். பழைய கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மானியம் கிடைக்காமல் கடன்தான் கிடைத்தால் வாங்கலாமா என்று மட்டும் கேட்டேன். சத்திபல்தி அண்ணன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கடனா? ஏம்ப்பா ஜுமாதில், மேய்ச்சல் வரியவே பாதிப் பேரு கட்டல. இருக்குறத பாலத்துக்குக் கட்டிட்டா பள்ளிக்கூடத்துக்கு நிலக்கரி எதுல வாங்குவ? புள்ளைங்க குளுருல நடுங்கிக்கிட்டே படிக்கட்டும்னா?”

“கீழ ஊருக்கெல்லாம் சும்மாதான குடுத்தாங்க? நமக்கு மட்டும் என்ன கேடு?” என்றான் கெரிம்.

“நம்ம தலைவருக்குச் சும்மா வாங்கத் தெரியல, அதான் கேடு.” பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீயே சொல். உண்மையை எழுதினால் நிம்மதி எனக்கு ஒருவனுக்கு. அதற்கான விலையை எழுநூறு பேர் பத்து வருடம் கட்டவேண்டும். இது என்ன நியாயம்? தூணை இழுத்தது தண்ணீர்தானே? நான் எழுதியதில் பாதி பொய் என்றால் மீதிப் பாதி உண்மையும்தான். அந்த வருடம் விதைக் கிழங்கு வராமல் போயிருந்தால் ஊர் என்னை என்ன செய்திருக்கும் என்பதும் உனக்குத் தெரியும். ஊரார் வீட்டுக்கு வந்து பேசியதையெல்லாம் பக்கத்து அறையிலிருந்து நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

கோப்பை அப்படியே அனுப்பிவிடு. உதவி கேட்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய். இப்போது கேட்கிறேன். நிலச் சான்றிதழை இணைத்திருக்கிறேன்.

ஆறு போன வாரத்திலிருந்து பழுப்பாக ஓடுகிறது. சத்தத்தில் பேச முடியவில்லை.

ஜுமாதில்


பிஷ்கெக்
மே 21

ஜுமாதில்,

நீங்கள் கேட்ட நியாயத்துக்குப் பதிலை இரண்டு வாரமாகத் தேடிப்பார்த்துவிட்டேன்.

இங்கே இருநூற்றுப் பத்து கோப்புகள் இருக்கின்றன. எல்லாப் பாலத்தையும் வெள்ளமே கொண்டுபோயிருக்கிறது. துருப்பிடித்து விழுந்த பாலம் ஒன்றுகூட இல்லை. இந்த நாட்டில் எந்தத் தலைவரும் எதையும் இழுப்பறையில் போட்டதேயில்லை போலிருக்கிறது. படித்துப் படித்துக் கண் எரிகிறது. பக்கத்து மேசைக்காரி சிரிக்கிறாள்: “எல்லாத்தையும் நம்பிட்டு டீய குடிங்க அக்கா. நம்ம வூட்டுக் காசா போகுது?”

இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஜூனில் விசாரணைக்கு வந்தவர்கள் என்னையும் கேட்டார்கள். “பொறியாளரம்மா, முன்னாடியே ஏதாவது அறிகுறி தெரிஞ்சுதா?” என்றார்கள். நீங்கள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தீர்கள். இல்லை, தண்ணீர்தான் என்றேன். அப்படிச் சொல்லும்படி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னால் சாப்பிட முடியவில்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தால்தான் போனேன் என்று ஊர் பேசியிருக்கும். பாதி கோபம் என் மேல்.

அதனால் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சரியாக இருந்து இருந்து நான் அலுத்துப்போய்விட்டேன். அதுவும் முழுக்கச் சரியாக இருந்தவளும் இல்லை. ஜூன் பதினைந்து கடைசி நாள். அதற்குள் உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால் கோப்பு இருக்கிறபடியே போகும். நான் கையெழுத்துப் போடுவேன். மானியம் கிடைக்கும்.

சல்கின்


சாரி-கெச்சு
ஜூன் 8

சல்கினுக்கு,

நீ கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று எழுதிய பிறகு எனக்கு உறக்கமில்லாமல் போய்விட்டது. போட மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்திருந்தால் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எர்மெக்கின் மனைவி நூரிலாவைப் பார்க்கப் போனேன். மூன்று வருடத்தில் நிலக்கரி அனுப்பியிருக்கிறேன், மாவு அனுப்பியிருக்கிறேன். நேரில் போனதில்லை. அவள் வாசலில் தயிரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஒரு கடிதம் இருந்தது, அதை நான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

“தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“சல்கின் அக்கா கடிதம் குடுத்த அன்னிக்கே இங்க வந்தாங்க. லாரிய அந்தப் பக்கம் எடுக்காதேன்னு எர்மெக்கோட கையப் புடிச்சுச் சொன்னாங்க. அவரு சிரிச்சாரு. தலைவரே நிறுத்தலையே, நான் ஏன் நிறுத்தணும்னாரு.”

நீ அங்கே போனது எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நீ சொன்னதேயில்லை.

“தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?” என்று கேட்டேன்.

“நீங்களா வருவீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மாவு மட்டும் வந்துச்சு.”

துணியைப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். நான் விண்ணப்பத்தைப் பற்றி, மானியம், கடன் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையை எழுதினால் அவள் வீட்டுக்கும் வரி கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

“எழுதுங்க. எம்புருஷன் சாவ ஆத்து மேல எழுதிவெச்சு ஓசியில வாங்குன பாலத்துல நான் கால வைக்க மாட்டேன். கடன்னா கடன். மத்தவங்கள நீங்கதான் கேட்டுக்கணும்.”

டீ குடிக்கச் சொல்லவில்லை. அது சரிதான்.

மறுநாள் மன்றத்தில் உன் பழைய கடிதத்தைப் படித்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கெரிம் என் சட்டையைப் பிடித்தான். எர்மெக் அவனுக்குப் பெரியம்மா மகன். சத்திபல்தி அண்ணன்தான் விலக்கிவிட்டார்.

“மூணு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தவன், இன்னும் பத்து நாள் மூடிக்கிட்டு இருந்தா பாலம் சும்மா வந்திருக்குமேடா” என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, கிண்டலாகவும் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார்.

கை தூக்கச் சொன்னோம். கடன் வாங்கலாம் என்று பதினொரு கை, வேண்டாம் என்று எட்டு. கெரிம் வாங்கலாம் என்றுதான் தூக்கினான். “எம்பொண்டாட்டி இனிமே ஆத்துல புள்ள பெத்துக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குக் கைதூக்கலே தேவைப்படவில்லை.

திருத்திய பதிலையும் உன் பழைய கடிதத்தையும் குபத்தின் கையில் அனுப்புகிறேன். கடிதம் மஞ்சளாகிவிட்டது, எழுத்து தெளிவாகவே இருக்கிறது. மறைத்ததற்காக அரசு வழக்கறிஞர் கூப்பிட்டால் போவேன்.

ஜுமாதில்


பிஷ்கெக்
ஜூலை 12

அன்புள்ள ஜுமாதிலுக்கு,

தேர்வுக் குழு ஜூலை மூன்றாம் தேதி கூடியது. உங்கள் கோப்பு மதியத்துக்கு மேல் வந்தது. நான் சுருக்கத்தைப் படித்தேன். குழுத் தலைவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த மஞ்சள் கடிதத்தில் நின்றார். அடியில் என் கையெழுத்து, உங்கள் குடும்பப் பெயரோடு. நீங்கள் அதை யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் அதுவரை யோசிக்கவில்லை.

“இந்தப் பொறியாளர் சல்கின்… நம்ம சல்கினா?”

“நான்தான்.”

“அப்போ விண்ணப்பம் போட்ட ஜுமாதில் உங்களுக்கு என்ன வேணும்?”

“என் வீட்டுக்காரர்” என்றேன்.

மூன்று வருடம் கழித்து அந்தச் சொல் வாயிலிருந்து வந்தது. என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். எதிர்ச் சுவரில் சாலை வரைபடம் மாட்டியிருந்தது. நம் ஊர் அதில் இல்லை.

மானியம் இல்லை. கடன் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் கட்டவேண்டியதில்லை, வட்டியும் குறைவு. உண்மையை எழுதி வந்த ஒரே கோப்பு என்பதால் அந்தச் சலுகை என்று பக்கத்து மேசைக்காரி சொல்கிறாள். நிஜமா என்று தெரியாது. செப்டம்பரில் தண்ணீர் இறங்கியதும் தூண் வேலை தொடங்கும். இதை மன்றத்தில் நீங்கள் சொல்லவேண்டாம், புதிய தலைவர் சொல்லட்டும்.

விசாரணையில் நான் சொன்ன பொய்யையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உறவை மறைத்ததற்கு எச்சரிக்கைக் கடிதமும், நாரின் கிளைக்கு இடமாற்றமும் கிடைத்திருக்கின்றன. யாரும் போக விரும்பாத இடமாம். ஆகஸ்ட் ஆறாம் தேதி சேர்கிறேன். விடுதிப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், அடுப்பு புகைகிறதாம்.

எர்மெக் வீட்டுக்குப் போனதை உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நேராகக் கேட்காமல் கேட்டிருந்தீர்கள். சொல்லியிருந்தால் நீங்கள் பாலத்தை மூடியிருப்பீர்களோ என்னவோ. அந்த ‘என்னவோ’வை யோசிக்கப் பயந்துதான் சொல்லவில்லை.

உங்கள் மூன்று கடிதங்களையும் என் இரண்டையும், நகலிலிருந்து, வரிசையாக வைத்துப் படித்துப்பார்த்தேன். ஐந்து கடிதத்திலும் பாலம்தான். எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. நானும் உங்களைக் கேட்கவில்லை. இரண்டு அலுவலகங்கள் எழுதிக்கொண்டதுபோல் இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு தூரம் இன்னும் என்னால் யோசிக்க முடியவில்லை. நாரினுக்கு நீங்கள் ஒரு நாள் வரலாம். பாலத்தைப் பற்றிப் பேசவேண்டாம்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சல்கின்