எண்ணெய் கலக்காத பெட்ரோல்

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு, உன் அப்பன் சுருளியாண்டி சொல்லச் சொல்ல எஸ்தர் டீச்சர் எழுதுவது. இங்கன நான் நடமாட்டமாக இருக்கிறேன், உன் தங்கச்சி தேவயானி குச்சனூரில் மாமியார் வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைந்து சுகமாக இருக்கிறாள், அங்கன பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். தேனியை மதுரையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கின வருஷம் உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷம்தான் நம்ம தெருவுக்குக் குழாய் வந்தது, செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டது, ஐப்பசி மழை விடாமல் பெய்து திராட்சைப் பந்தலைச் சாய்த்தது. அதே ஐப்பசியில்தான் உன் அண்ணன் பாண்டியராஜன் போனான். ஆறு வருஷம் ஆகப்போகிறது. நீ அப்போது பதினெட்டு வயதுப் பையன், உனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்ததுதான், எனக்குத் தெரிந்ததை இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

போன மாதம் நீ டெலிபோன் கடைக்குப் பேசினபோது, லேத்துப் பட்டறைக்கு நடந்து மாளவில்லை, கைக்கு அடக்கமாக ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், முதல் வண்டி, உங்களிடம் சொல்லாமல் வாங்க மனசில்லை என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். நீ சிரித்துக்கொண்டே, "பயப்படாதீகப்பா, இது அந்தக் களவாணி இஞ்ஞாசிமுத்து நம்ம தலையில கட்டுன மாதிரி வண்டி இல்ல" என்றாய். நான் "பாத்து வாங்குலே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கடைக்காரன் என் முகத்தைப் பார்த்து, "வந்த போனுக்கு ஏன் பெருசு இப்பிடி வேர்க்குது, நானா காசு கேக்கப்போறேன்" என்று கேலி பண்ணினான். அவனுக்கு என்ன தெரியும். மகனே, இஞ்ஞாசிமுத்து களவாணி இல்லை. அந்த வண்டியிலும் பழுது இல்லை. உன் அண்ணனைக் கொண்டுபோனது என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்.

உத்தமபாளையத்தில் இஞ்ஞாசிமுத்து பட்டறையில் பாண்டி அந்த வண்டியை வாங்கின அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். இஞ்ஞாசிமுத்து எதையும் மறைக்கவில்லை. வண்டி வயசாளி, நாலு கை மாறினது, ஆனால் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுப் புதுப் பிஸ்டன் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னார். "தம்பி, ஒரு மாசத்துக்கு வெரட்டாத. இந்த எஞ்சினுக்குத் தனியா ஆயில் கெடையாது, பெட்ரோல்ல கலக்குறதுதான் பிஸ்டனை நனைக்கும். ஆயில் கலக்காம ஒரு சொட்டு ஊத்துனாலும் அது இதுக்கு வெசம்" என்று சொன்னார். நான் அதைக் கேட்டுவிட்டு, "ஏலே, சினை மாட்டுக்குக்கூட இம்புட்டுப் பக்குவம் சொல்ல மாட்டாகடா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு சிரித்தது நான்தான், கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழி இல்லை. மூன்று வாரம் கழித்து, கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் பாண்டிக்குக் கணக்குப்பிள்ளை வேலை இருக்கிறது என்று சொல்லி இரண்டு பேரும் வண்டியில் போனோம். வேலையும் கிடைத்தது. திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. பாண்டி வண்டியோடு நிற்க நான் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒரு மைல் நடந்து ஒரு பெட்டிக்கடைக்குப் போனேன். "ஆயில் கலந்து வாங்கிட்டு வாங்கப்பா" என்று அவன் சொல்லித்தான் அனுப்பினான். கடையில் ஒரு மலையாளத்துப் பொம்பளை பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். மேகம் இருட்டிக்கொண்டு வந்தது, நான் ஆயிலை மறந்துபோய்ப் பாதி வழி வந்தபிறகுதான் நினைப்பு வந்தது. திரும்பி நடக்கக் கால் வரவில்லை. ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பாண்டி பாட்டிலை வாங்கி, "கலந்துட்டாகளாப்பா?" என்று கேட்டான். "கலந்தாச்சு" என்றேன். அவன் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை, அப்பா சொன்னால் சரி என்று ஊற்றிவிட்டான். மேடும் பள்ளமுமாகத் தோட்டத்துச் சாலையில் ரொம்ப தூரம் வந்து, மெட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் இரண்டாவது வளைவில் எஞ்சின் ஒரு கத்துக் கத்தி அப்படியே இறுகிப்போனது, பின்சக்கரம் சுற்றாமல் நின்றது, வண்டி சறுக்கியது. என்னைப் புல்லில் வீசிவிட்டு அவனை வளைவுத் தடுப்புச் சுவரில் அடித்தது. தோள் எலும்பு முறிந்து கிடந்த நான் அவனைக் கூப்பிட்டேன், பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நீ பார்த்தது. புதுசாகப் போர் போட்ட எஞ்சின் எப்படி இறுகும், மட்டமான பிஸ்டனைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று யாரோ ஒருத்தர் சொல்ல, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. இஞ்ஞாசிமுத்துவை நம்ம ஊர் கூடுகிற மந்தைக்கு வரவழைத்து நிறுத்தினார்கள். நான் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவை கேட்டார்கள், மட்டமான சாமான் போட்டாயா என்று. மூன்று தடவையும் இல்லை என்று மட்டும் சொன்னார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நீயும் உன் சேக்காளிகளும் போய்ப் பட்டறைத் தகரப் பலகையைப் பிய்த்து எறிந்தீர்கள், அந்தத் தகரம் உன் உள்ளங்கையைக் கிழித்தது. அதற்குப் பிறகு அங்கன ஒருத்தரும் வண்டி விடவில்லை, அவரும் சம்சாரமும் பட்டறையை மூடிவிட்டுக் கடமலைக்குண்டுக்குப் போய்விட்டார்கள். உன் ஆத்தா முருகம்மாள் சாகிற நாள் வரைக்கும் விளக்கு வைக்கிறபோதெல்லாம் இஞ்ஞாசிமுத்து குடும்பம் விளங்காது என்று மண்ணை வாரி விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பேன்.

நீ பேசின மறுநாள் பஸ் ஏறிக் கடமலைக்குண்டுக்குப் போனேன். இஞ்ஞாசிமுத்து இல்லை, போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டாராம். அவர் சம்சாரம் செபஸ்தியம்மாள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடிகிற வரைக்கும் ஒரு காய்கூட நிற்காமல் ஆய்ந்தாள். பிறகு, "இது எனக்கு அன்னைக்கே தெரியும் பெரியவரே" என்றாள். மோதின வண்டியை லாரியில் பட்டறைக்குத்தான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவர் டேங்க்கில் மிச்சம் இருந்த பெட்ரோலை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் காயவிட்டுப் பார்த்திருக்கிறார். ஆயில் கலந்திருந்தால் கையில் பிசுக்கு நிற்குமாம். ஒன்றும் நிற்கவில்லை, கை சுத்தமாகக் காய்ந்துவிட்டது. வழியில் பெட்ரோல் வாங்கி வந்தது நான்தான் என்று ஆஸ்பத்திரியில் நான் பிதற்றினதும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. "போயிச் சொல்லுங்கன்னு நான் தெனம் அடிச்சுக்கிட்டேன். மூத்த மகனத் தூக்கிக் குடுத்துட்டுக் கெடக்கார், இப்பப் போயி நீருதான் காரணம்னு சொன்னா அந்த மனுசன் கெணத்துல விழுந்துருவார், ஒரு மாசம் போகட்டும்னாக. அதுக்குள்ள நீங்க மந்தையில நிறுத்துனீக. அப்புறம் சொன்னா தப்பிக்கச் சொல்றதா ஆயிரும்னு வாயத் தொறக்கல. நீங்களா வருவீகன்னு வாசலையே பாத்தாக. அவுக செத்து ஒரு வருசம் ஆன பெறகு வந்து நிக்கிறீக" என்றாள். நான் அவள் காலில் விழக் குனிந்தேன். "அதெல்லாம் வேணாம், எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது, எங்கன வச்சு அவுகள நிறுத்துனீகளோ அங்கன சொல்லுங்க" என்றாள். கிளம்பும்போதுதான், "சின்னவன் எங்கன இருக்கான், அன்னைக்குக் கிழிஞ்ச கை ஆறிருச்சா" என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றேன்.

பங்குனி கடைசிச் செவ்வாய் அன்று கோயில் பொங்கலுக்கு நாள் குறிக்க மந்தையில் ஊர் கூடும். அங்கன எழுந்து நின்று சொல்லப்போகிறேன். செபஸ்தியம்மாள் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குப் பிறகு ஊர் என்னோடு பேசுமோ பேசாதோ, தேவயானியைப் புகுந்த வீட்டில் என்ன சொல்வார்களோ, அந்த யோசனையெல்லாம் எனக்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய யோசனை நீதான். ஊரான் வாயால் உனக்கு இது வந்து சேரக்கூடாது என்றுதான் முதலில் உனக்குச் சொல்கிறேன். இதற்குப் பிறகு நீ என்னை அப்பா என்று கூப்பிடாவிட்டாலும் நான் கேட்க முடியாது. வர முடிந்தால் வா, வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டாம், கூட்டத்தில் நின்றால் போதும்.

வண்டி வாங்காதே என்று சொல்ல மாட்டேன். நாலு எட்டு தள்ளி வந்து சத்தத்தைக் கேள், உள்ளே தட்டுகிற சத்தம் வந்தால் விட்டுவிடு. போர் போட்ட வண்டியா, எப்போது போட்டது, அதற்கப்புறம் எவ்வளவு ஓடியது என்று வாய்விட்டுக் கேள், விற்கிறவன் சொல்லும்போது அவன் கண்ணைப் பார். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று நீயே படித்துப் பார், எனக்குத்தான் எழுத்து தெரியாது, உனக்குத் தெரியும். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிடாதே. பாட்டிலில் யார் வாங்கி வந்து கொடுத்தாலும், கொடுக்கிறவன் பெற்ற தகப்பனாகவே இருந்தாலும், உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஊற்று.

நீ நூறு வயது நல்லா இருக்க வேண்டும், உன் கையும் காலும் எந்தச் சேதமும் இல்லாமல் வீடு வந்து சேர வேண்டும், உனக்குப் பிறக்கிற பிள்ளைகள் உன் சொல்லை நம்ப வேண்டும். தேவயானிக்கு நீ தனியாக ஒரு கடிதம் போடு, அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பன் சுருளியாண்டி
(இடது பெருவிரல் ரேகை)

ரேகை வைத்த பிறகு இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அந்தப் பலகையைப் பிய்த்ததற்கு நீ ஒரு வரி எழுதுவாய் என்றால் கடமலைக்குண்டு, மாதா கோயில் பின்தெரு என்று போட்டால் போய்ச் சேரும். இஞ்ஞாசிமுத்து பேருக்கு எழுதாதே. அந்த வீட்டில் பிள்ளை குட்டி கிடையாது. உயிரோடு இருப்பது செபஸ்தியம்மாள் ஒருத்திதான்.