கல்லறை மேட்டில் ஒன்பது அடிக் கம்பி

அன்புள்ள ட்ராய்,

நீ எந்த ஊரில் எந்தக் கூரைக்குக் கீழே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இருக்கிறோம், நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. முன்னே போட்ட இரண்டு கடிதமும் திரும்பி வந்துவிட்டன, இதையும் உன் அதே பழைய சுரங்க விலாசத்துக்குத்தான் போடுகிறேன், வேறு விலாசம் என்னிடம் இல்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்குவது கூடிவிட்டது, காரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் தேவலை என்கிறாள். பண்ணையை விட்டு டவுனில் முதியோர் குடியிருப்புக்கு வந்துவிட்டோம், இங்கே கூரையில் ஒரு ஈர்க்குச்சி நடவும் அனுமதியில்லை. அதனால் மைக் பிடித்து ரேடியோவில் பேச வேண்டுமென்றால் பிக்கப் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் எங்காவது நிறுத்த வேண்டும். இந்தக் கன்சாஸில் மேடு என்று சொல்ல நம் பக்கம் கல்லறை மேடு ஒன்றுதான் இருக்கிறது, உனக்குத் தெரியும்.

நீ இருக்கிற ஆஸ்திரேலியா வரைக்கும் எட்டுகிற ஆன்டெனா வேண்டும் என்று மார்ச் மாதம் முழுக்க அலைந்தேன். முதலில் லாரி நிறுத்தத்துக் கடைப் பையன் சொன்னானே என்று காந்த அடி வைத்த குட்டை ஆன்டெனா வாங்கி வந்து கூரையில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. இந்தப் புது பிக்கப்பின் உடம்பு பூரா அலுமினியம், காந்தம் எங்கே பிடிக்கும். ஐம்பது வருஷம் ரேடியோ வைத்திருந்தவனுக்கு இது தோன்றவில்லை. அம்மா சிரித்தாள், இந்தக் குளிர்காலத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். பிறகு டெல்பர்ட் வந்து பார்த்தான், பக்கத்துப் பண்ணை டெல்பர்ட், இப்போது அவனுக்கும் கோல் இல்லாமல் நடக்க வராது. "ஓடுற வண்டிக்குத்தான்யா குட்டை. நின்னுக்கிட்டுப் பேசப்போற உனக்குப் பாலம் இடிக்குமா, மரம் இடிக்குமா? நீளமாப் போடு" என்றான். அதனால் ஒன்பது அடி எஃகுக் கம்பி. பின்பக்கம் போல்ட் போட்டு முறுக்கி, அடியிலிருந்து செம்புப் பட்டை ஒன்றை வண்டிச் சட்டத்தின் இரும்போடு சேர்த்துக் கட்டினோம். அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் எவ்வளவு நீளக் கம்பியும் வெறும் கம்பிதான்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, அது நியாயம். ஆனால் நான் சொன்னது போனில் இல்லையே. உன் தம்பி கீத்தை அடக்கம் செய்யப் போன அன்று, வரிசையில் முப்பது வண்டி, எல்லா வண்டியிலும் ரேடியோ, மைக் என் தொடைக்கடியில் விழுந்து பொத்தான் அமுங்கிக் கிடந்தது எனக்குத் தெரியாது. அம்மாவிடம்தான் சொன்னேன். "பனியில ட்ராய் கையில வண்டியக் கொடுத்தது என் தப்பு. தம்பிய அவன்தான் கொன்னான்" என்று. ஊரே கேட்டது. எங்கள் பின்னால் வந்த நீயும் கேட்டாய். கண்ணாடியில் பார்த்தேன், நீ குறுக்குச் சாலையில் திரும்பினாய். ஏன் திரும்புகிறான் என்று எரிச்சல்கூடப் பட்டேன். மேட்டில் இறங்கிய பிறகு டெல்பர்ட் வந்து காதோடு சொன்னான். பதினான்கு வருஷம் ஆகிறது.

அது பொய் ட்ராய். வண்டி யார் கையில் இருந்தாலும் அந்தப் பனியில் வழுக்கியிருக்கும். வாய் தவறியது என்று சொல்ல மாட்டேன், அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், நினைத்தது தப்பு. ஊர் கேட்கச் சொன்னதை ஊர் கேட்கவே திரும்ப எடுக்க வேண்டும் என்றுதான் சனிக்கிழமைதோறும் மேட்டில் நிறுத்தி நம் பழைய சேனலில் இதைச் சொல்கிறேன். பேசி முடித்து மைக்கை மாட்டினால் அம்மா அது சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறாள். போன மாதம் உங்கள் நாட்டுக் குயின்ஸ்லாந்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி பதில் சொன்னார். "உங்க ஊர்ப் பேச்சுள்ள ஆள் ஒருத்தர் மேற்கே சுரங்கத்துல இருக்காரு. கேட்டுக்கிட்டே இருப்பாரு. உங்கப்பா கூப்பிடறாருன்னு சொன்னேன், அதோட ஆள் சத்தத்தையே காணோம்" என்றார். அம்மா அதைக் கேட்டு, உயிரோடு இருக்கிறான் அல்லவா என்றாள்.

சூரியனில் கரும்புள்ளிகள் குறைய ஆரம்பித்துவிட்டனவாம், அவை நிறைய இருந்தால்தான் நம் ரேடியோ அலை வானத்தில் பட்டுத் தூர தேசத்தில் இறங்கும். டெல்பர்ட் கணக்குப்படி அடுத்த வருஷமோ அதற்கடுத்ததோ வானம் மூடிவிடும், அப்புறம் எந்தக் கம்பி வைத்தாலும் உன் பக்கம் போகாது. மறுபடி திறக்க ஏழெட்டு வருஷம் ஆகும். எனக்கு எழுபத்தெட்டு. அம்மாவுக்கு அடுத்த குளிர்காலமே பெரிய விஷயம் என்கிறார் டாக்டர்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. சுரங்கத் தூசிக்கு முகத்தைக் கட்டிக்கொள், அம்மாவின் நெஞ்சு உனக்கும் இருக்கும். உனக்கு எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும். இங்கே சனி சாயங்காலம் ஐந்து மணி, உனக்கு ஞாயிறு காலை ஆறு, மறக்காதே. நீ பேச வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போது நீயும் கீத்தும் மைக் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் கேட்டது என்று அர்த்தம், இரண்டு தரம் அழுத்தினால் வீட்டுக்கு வருகிறேன், தட்டு வை என்று அர்த்தம். இரண்டு தரம் நான் கேட்கவில்லை. ஒரு தரம் அழுத்து. ரேடியோ மீட்டரில் முள் எழுந்தால் அம்மாவுக்குக் காட்டிவிடுவேன்.

உன் அப்பா,
வெர்னன்