குண்டு எழுத்தில் என் பெயர்

தை 9, வெள்ளி.

எட்டு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்துரு, அதாவது ஃபான்ட், வரைந்தேன். எல்லாம் குண்டு எழுத்து. ‘ழ’வின் வால் ஆட்டம் போடும். திங்கட்கிழமை பெங்களூரில் டிசைன் வேலைக்கான இன்டர்வியூவில் அதைத்தான் காட்ட இருந்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று அவரே நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்துவிட்டார், என் நிச்சயதார்த்த பேனருக்கு. மாப்பிள்ளை போட்டோவை முதலாளியிடம் கொடுத்தார்.

“உன் எழுத்துலயே போடும்மா,” என்றார் முதலாளி. “இனிமே அதுக்கு வேற என்ன வேலை? கல்யாணத்துக்கு அப்புறம் உன்னை வேலைக்கு அனுப்பவா போறாங்க?”

அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

என் பெயரை அடித்தேன். அப்பா வாசல்வரை பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தார்.

“இங்கிருந்தே படிக்க முடியுதே. நீயா வரைஞ்ச? இத்தன நாளு சொல்லவே இல்லையே.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இன்டர்வியூ பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். “இன்னும் கொஞ்சம் பெருசாக்கட்டுமாப்பா?” என்றுதான் கேட்டேன்.

சாயங்காலமே பேனரை எங்கள் ஊர் உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டார்கள். இன்டர்வியூவுக்கு வர முடியாது என்று இப்போதுதான் மெயில் அனுப்பினேன். காலையில் கடைக்குப் போக அந்தப் பேனருக்குக் கீழேதான் நின்று பஸ் ஏற வேண்டும்.