வார்னிஷ் அடிக்கும் நாள்

அண்ணா,

மூன்று நாளாக மழை இல்லை. பிடோக்கில் எங்கள் பத்தாவது மாடிக் காரிடாரில் காற்று காய்ந்து வீசுகிறது. காலையில் மூங்கில் கழியில் போட்ட துணி மதியத்துக்குள் மொடமொடவென்று ஆகிவிட்டது. அதை எடுத்து மடிக்கும்போதுதான் உறைத்தது, நீ காத்திருந்த நாள் இதுதான் என்று. செருப்பு அலமாரி மேலே நீ வைத்துவிட்டுப் போன வார்னிஷ் ஸ்ப்ரே டின் இன்னும் மூடி திறக்காமல் இருந்தது.

"ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையா பூத்துடும்டி. மழை விடட்டும்," என்றாய். டிசம்பர் முழுக்க விடவில்லை. நீ போன அன்றும் பெய்துகொண்டுதான் இருந்தது.

கவினின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக ஓர் இன்ஜின் தருகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். சீர்த் தட்டில் எல்லாரும் பழமும் சட்டையும் வைப்பார்கள், நீ பொம்மை ரயிலை வைப்பாயா என்று கேட்டேன். "பொம்மையா? கிளமெண்டி பாலத்து மேல போச்சே, அந்த இன்ஜின்டி இது," என்று முறைத்தாய். பள்ளிக்கூடப் பையோடு நின்று நாம் கைகாட்டிய மலேசிய ரயில். கடையிலிருந்து வந்தபோது உன் குட்டி இன்ஜின் கண்ணாடி போல மின்னியது. எங்கள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் அதை நீ அழுக்காக்கினாய். உன் வாடகை அறையில் ஜன்னல் இல்லை என்றாய். கவினைப் பார்க்க அது ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? அம்மாவும் அப்பாவும் போனபிறகு நீ வந்து உட்கார வேறு மேசை ஏது?

பழுப்பு, கறுப்பு, செங்கல் நிறச் சாக்குக்கட்டிகளைப் பிளேடால் சுரண்டித் தூளாக்குவாய். மெல்லிய தூரிகையால் அதை இன்ஜின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பாய். நான் ஈரத்துணியோடு பின்னாலேயே நிற்பேன்.

"புதுசா வாங்கி இப்படி மெனக்கெடணுமா? சும்மா எங்க கிச்சன்ல வச்சிருந்தா தானா அழுக்காயிருக்கும்."

"உன் கிச்சன்லயா? நீ கிருமியையே சோப்பு போட்டுக் குளிப்பாட்டுறவ லா."

என் வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறியது. நீ மட்டும் தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "இது அழுக்கு இல்ல. ஓடினதுக்கு அடையாளம். தூசி கீழேர்ந்து ஏறும், புகை மேலேர்ந்து இறங்கும், மழை நடுவுல கோடு போடும்."

லிஃப்ட் பழுது பார்க்கக் கிராஞ்சிப் பக்கம் போனால், அங்கே நிற்கும் பழைய லாரிகளின் துருவைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாய். பதிலுக்கு நான் கவினின் இருமலைப் பதிவு செய்து அனுப்புவேன். இது வெறும் இருமலா, இழுப்பா? நீ என்ன டாக்டரா? ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டு, "தூங்குறான்ல? அப்ப சும்மா இரு," என்று எழுதுவாய். அந்த ஒரு வரிக்கு நான் இப்போது யாரிடம் போவேன்?

கடைசியாக வந்த ஞாயிறன்று தூள் வேலை முடிந்தது. "எல்லாம் சும்மா ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. வார்னிஷ் அடிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க," என்று அலமாரி மேல் ஏற்றி வைத்தாய். புதன்கிழமை வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழவில்லை.

கட்டிக்கொடுத்த தங்கைக்கு மூன்று நாள் தீட்டு என்றார்கள். நான்காம் நாள் வீட்டைக் கழுவிவிடும்மா என்று மாமியார் போனில் சொன்னார். எனக்கு அதைச் சொல்லவே வேண்டாம், அண்ணா. திரைச்சீலை, மெத்தை உறை, கவினின் மரக்கட்டைகள், கதவுப் பிடி. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்தாமல் கழுவினேன். இன்ஜினையும் எடுத்தேன். தூசி என்றுதான் கை நினைத்தது. பாத்திர சோப்பு, மஞ்சள் துணி, குழாய்த் தண்ணீர். தொட்டியில் தண்ணீர் செம்பழுப்பாக ஓடியபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. குழாயை மூடினேன். ஐந்து ஞாயிறும் அதற்குள் போய்விட்டன. இன்ஜின் கடையிலிருந்து வந்த அன்று போலவே மின்னியது.

கவின் கைதட்டினான். "மாமா புதுசு வாங்கித் தந்தாங்களா?"

நானும் செய்துபார்த்தேன். நீ மிச்சம் வைத்த கட்டிகளைச் சுரண்டி, உன் லாரிப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் தொட்ட இடமெல்லாம் அழுக்காகத்தான் தெரிந்தது, ஓடினதாகத் தெரியவில்லை. அதையும் கழுவிவிட்டேன். "விட்ரும்மா, அவனுக்கு என்ன தெரியப்போகுது," என்றார் வீட்டுக்காரர். அதுதானே என் பயம். அவனுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மூன்று வயதுப் பிள்ளை உன் முகத்தை எத்தனை நாள் ஞாபகம் வைத்திருப்பான்? வரும் ஞாயிறு சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் காதுகுத்து. உன் இடத்தில் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைக்கப்போகிறோம். நல்லவர்தான், ஆனால் கவினுக்கு அவரைத் தெரியாது. ஊசி வருமுன்பே அழுவான். தட்டில் பளபளவென்று ஓர் இன்ஜின் இருக்கும். பார்க்கிறவர்கள் விலை கேட்பார்கள்.

பேருந்து வந்து நின்றால்கூட, சக்கரத்துக்கு மேலே தூசி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்றுதான் என் கண் போகிறது. போய் என்ன? படமெடுத்து யாருக்கு அனுப்ப?

இன்ஜினைத் துடைத்த அந்த மஞ்சள் துணியை மட்டும் நான் கழுவவில்லை. கறையோடு காயவைத்துப் பையில் கட்டி வைத்திருந்தேன். சற்று முன் கவினை அவன் அப்பாவோடு கீழே விளையாட அனுப்பிவிட்டேன். ஸ்ப்ரே வாசனை அவன் நெஞ்சுக்கு ஆகாது. துணியை மூங்கிலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். தொட்டால் விரலில் தூள் வந்தது. டின்னைக் குலுக்கி, நீ சொல்லியிருந்தபடி ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு தடவை அடித்தேன்.

காய்ந்துவிட்டது. விரலில் இப்போது எதுவும் வரவில்லை. வெள்ளையாகப் பூக்கவும் இல்லை, அண்ணா.