வெடி லேபிளில் என் அப்பா

என் அன்பு அப்பா,

மேலே இருந்து பார்த்திருப்பீர்கள். ஆனாலும் என் வாயால் சொன்னால்தான் மனசு ஆறும். போன சனிக்கிழமை திருத்தங்கல் மைதானத்தில், உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாலிபால் போட்டிக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஆமாம், நீங்கள் போன பிறகு எனக்கு பி.டி. டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. அரையிறுதியில் ஜெயித்த சந்தோஷத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளைப் பாராட்டிவிட்டு, அப்படியே உங்கள் கதையை எடுத்தார்.

"இந்தப் பக்கத்துல பந்து அடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குன மொத ஆளு அவுகதான். புதுப்பட்டிக்காரரு. வெடிக் கம்பெனில கூப்பிட்டு வேலை போட்டுக் குடுத்தாக. பேருக்குத்தான் பேக்கிங் செக்‌ஷன், பொழுதன்னைக்கும் கிரவுண்டுதான். எந்திரிச்சு அடிச்சாகன்னா எதுத்தாப்புல நிக்கிறவன் தலையக் குனிஞ்சுக்குவான்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டார். "யாரு, பைனலுக்குக் குடிச்சுட்டு வந்து அம்பயர அடிச்சாரே, அந்த ஆளா? கடைசில லாரி செட்டுல மூட்டை தூக்கிக்கிட்டுல்ல கெடந்தாரு!" கடையே சிரித்தது. என் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"டீச்சர், நீங்களும் புதுப்பட்டிதான? அவரத் தெரியுமா?" என்று எங்கள் கேப்டன் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

பெரியவர் என் முகத்தையே பார்த்தார். "மூக்கு அப்படியே அவுக மூக்கால்ல இருக்கு தாயி. சொந்தமா?"

"இல்லைங்க. எங்கப்பா விருதுநகர்ல பாத்திரக்கடை வச்சிருந்தாரு."

பாத்திரக்கடையாம்! அது எங்கிருந்து வாயில் வந்ததோ. கோழி கூவாததுதான் குறை. இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவை ஞாயிறு பள்ளியில் அம்புட்டுத் திட்டியவள் நான்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவுக குடும்பத்துல யாரையாச்சும் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும் டீச்சர். வீடு தேடிப் போய் நிக்க மொகமில்ல, அதுக்குத்தான் எங்கன மேட்ச் நடந்தாலும் வந்து உக்காந்திருக்கேன். அவுக படம் போட்டு ஒரு வெடி வந்துச்சு. அந்த லேபிளு டிசைன் நான் பண்ணுனதுதான். வேற கம்பெனிக்காரன் பைக் தாரேன்னதும் சீசன் நேரத்துல அங்கிட்டுத் தாவிட்டாக. எங்க மொதலாளிக்கு ஆத்திரம். புதுப்படம் போட நேரமில்ல. 'மீசை வரஞ்சு விடுலே, எவனுக்குத் தெரியப்போகுது'ன்னாரு. மீசையே வைக்காத அவுக மொகத்துல இந்தக் கையாலதான் வரஞ்சேன். ஊரே சிரிச்சுச்சு. அந்த ரோசத்துலதான் குடிக்க ஆரம்பிச்சாகன்னு சொல்றாக. ஒரு மனுசன் வாழ்க்கையவே கெடுத்துட்டேனே."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அப்பா. அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? பஸ் வந்துவிட்டது என்று பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மகளா?

தீபாவளிக்கு மறுநாள் தெருவெல்லாம் உங்கள் முகம் கிழிந்து கிடக்கும். யார் காலிலும் படாமல் நான் ஓடி ஓடிப் பொறுக்குவேன். "ஏ புள்ள, கிழியுறதுக்குத்தான ஒட்டுறாக, விடு" என்பீர்கள். அப்படிப் பொறுக்கியவளே இன்று மிதித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ஆட்டக்காரர்களை டிவியில் ஏலம் விடுகிறார்கள். அதிக விலைக்கு அணி மாறினால் கைதட்டுகிறார்கள். நீங்கள் ஒரு பைக்குக்கு மாறியதற்குத் துரோகி என்றார்கள். கொஞ்சம் பிந்திப் பிறந்திருக்கக் கூடாதா?

குடி அந்த மீசைக்கு ரொம்ப முன்பே நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். மீசை லேபிளைப் பார்த்து அம்மா அழுதபோது, நீங்கள் அதைக் கண்ணாடியில் செருகி வைத்து, "நல்லாத்தான இருக்கு? படத்துக்குத் தக்கன ஆளு மாறிக்கிற வேண்டியதுதான்" என்றீர்கள். மறுநாளிலிருந்து மீசைப் பக்கம் கத்தியே வைக்கவில்லை. இது தெரியாமல் அந்த மனிதர் இத்தனை காலம் புழுங்கியிருக்கிறார். நான் வாய் திறக்காவிட்டால் அவருக்கு யார் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பைனல். ஆராதனை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போகிறேன். அதே டீக்கடையில், என் பிள்ளைகள் முன்னாலேயே சொல்வேன். குடித்தவரும் அம்பயரை அடித்தவரும் மூட்டை தூக்கியவரும் என் அப்பாதான் என்று. சிரித்தால் சிரிக்கட்டும். அந்தப் பெரியவர் கையைப் பிடித்து, "நீங்க வரஞ்ச மீசையோடதான் எங்கப்பாவப் பெட்டியில வச்சோம்" என்று சொல்வேன். சத்தியம், அப்பா.

பாத்திரக்கடைக்காரர் மகள் அல்ல,
உங்கள் மகள்,
எஸ்தர்