இடப்பக்கம் காலியாக இருக்கட்டும்

புது ஃப்ளெக்ஸைப் பிரித்தால் ஒரு வாடை வருமே, மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்தாற்போல. இன்று திண்டிவனம் பேனர் கடையில் அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். உனக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர். "நீ படிச்ச படிப்புதானம்மா, எப்டி வெக்கணும்னு நீயே சொல்லு" என்று உன் அண்ணன் கூட்டி வந்திருந்தார்.

இந்தப் படிப்புக்குள் என்னை இழுத்துப் போட்டவளே நீதான். போஸ்டர் வடிவமைப்புப் பாடத்தில், கண் தெரியாத பெண் என்று எனக்கு மட்டும் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நானும் சரி என்றுவிட்டேன். நீ விடவில்லை. "போஸ்டர் கிளாஸ்ல கட்டுரை எழுதிக்கினு உக்காந்திருப்பியா?" என்றாய். மறுநாளே முகம், தலைப்பு, தேதி என்று அட்டையைத் தனித்தனியாக வெட்டிக்கொண்டு, ஓரங்களில் நூல் ஒட்டிய பலகையோடு வந்தாய். நான் தடவித் தடவி வைப்பேன். நீ அதை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவாய். விழுப்புரம் பஸ்ஸில், மயிலம் கூட்டுரோட்டில் நீ இறங்கும்வரை வழியில் வரும் பேனர்களையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். வெறுமனே "நல்லா இருக்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருமுறை தனிமை என்ற தலைப்புக்கு, முகத்தை வலது ஓரத்தில் வைத்து இடப்பக்கம் முழுக்கக் காலியாக விட்டேன். பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரியட்டும் என்றுதான். நான் தடுமாறி வைத்துவிட்டதாக நினைத்து, எனக்குத் தெரியாமல் முகத்தை நடுவில் நகர்த்திவிட்டாய். நல்ல மார்க் வந்தது. "நடுவுல வெச்சது அழகு" என்று மிஸ் பாராட்டியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. இனி உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பஸ்ஸில் சண்டை போட்டேன். நீயே போய் மிஸ்ஸிடம் சொல்லி, நான் வைத்தபடியே திரும்பக் கொடுத்தாய். மார்க் குறைந்தது. ஆனால் அது என்னுடைய மார்க்.

இப்போது அதே பலகையைத் தூக்கிக்கொண்டு, கண் தெரியாத பிள்ளைகளுக்கும் போஸ்டர் செய்யச் சொல்லிக்கொடுங்கள் என்று கல்லூரி கல்லூரியாகப் போகிறேன். "அவங்களுக்குத் தியரி குடுத்துட்டோம் மேடம்" என்கிறார்கள், பெரிய உபகாரம் செய்துவிட்ட குரலில். அலுத்துவிட்டதடி. சில நாள் பையிலிருந்து பலகையை எடுக்கக்கூட மனம் வருவதில்லை.

இன்று கடையில் உன் முகத்தை வலது ஓரத்தில் வைக்கச் சொன்னேன். கடைக்காரர், "லெப்ட்ல காலியா கெடக்குதே, சொந்தக்காரங்க போட்டோ போட்டுடலாமா?" என்று கேட்டார். "வேணாங்க, அப்டியே உடுங்க" என்றேன். அச்சாகி வந்ததும் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரே வழவழப்பு. காலியாகத்தான் விட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ இல்லாமல் யாரைக் கேட்பது?

"நல்லா வந்திருக்குதும்மா" என்றார் உன் அண்ணன்.

"எப்டி நல்லா இருக்குதுண்ணா?"

ஃப்ளெக்ஸை அவர் மறுபடி விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார்: "வலப்பக்கமா இருக்கா. சிரிச்சிக்கினு இருக்கா. இந்தாண்ட ஒண்ணுமே இல்லம்மா. வெறும் வெள்ளை."